நாற்பது நிமிடக் குரல்

14 மார்ச் 2006

தண்ணீர் லாரி இன்றும் வரவில்லை. மூக்கண்டப்பள்ளியில் எங்கள் தெரு முழுக்கக் குடங்கள் வரிசையில் நின்றன. ஆபீசில் பிரிண்டர் தகராறு மூன்று, பாஸ்வேர்டு மறந்தவர்கள் ஐந்து பேர்.

மாலைக் கூட்டத்தில் எங்கள் கம்ப்யூட்டர் பிரிவு மேலாளர் விஜயகுமார் சார் அறிவித்தார். ஜூன் ஒன்றிலிருந்து பழைய டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் கிடையாது. தொழிற்சாலையில் பிரஸ் ஷாப், பெயின்ட் ஷாப், ஸ்டோர் எல்லாம் இனி கம்ப்யூட்டரில் செய்திப்பெட்டி வழியாகத்தான் தகவல் அனுப்ப வேண்டும். செய்திப்பெட்டி நான் எழுதிய மென்பொருள். ஒரு வருட உழைப்பு. எல்லோரும் கை தட்டினார்கள். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

வெளியே வரும்போது எக்ஸ்சேஞ்ச் அறையைக் கடந்தேன். தங்கமணி அக்கா ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஸ்டோர் சென்றாயனிடம் பேசிக்கொண்டிருந்தாள். "என்னா சென்றாயா, மறுபடி சளியா? தொண்டை தகர டப்பா மாதிரி இருக்குது." அடுத்த அழைப்புக்குக் கன்னடம், அதற்கடுத்ததற்குத் தெலுங்கு. ஹலோ என்று ஒருவர் சொன்னால் போதும், அவர் யார், எந்த மொழி, என்ன மனநிலை எல்லாம் அவளுக்குத் தெரிந்துவிடும்.

அப்போதுதான் உறைத்தது. அக்காவுக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. பதினோரு வருடமாக அந்த நாற்காலியில் இருக்கிறாள். ஜூனுக்குப் பிறகு?

17 மார்ச்

சாப்பாட்டு நேரத்தில் அக்காவிடமே கேட்டேன். முன்பே தெரிந்து வைத்திருந்தாள். எக்ஸ்சேஞ்சில் இருப்பவளுக்குத் தெரியாத சேதி உண்டா?

"தங்கச்சி சுஜாதா சாமல்பட்டியில இருக்கறா இல்ல, அங்க வரச் சொல்றா. போனா மூலையில ஒரு பாய் போட்டு உக்கார வெப்பாங்க. நேரத்துக்குச் சோறு வரும். நல்லா பாத்துக்குவாங்க வினிதா. எனக்கு அதான் பயம்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். என் டப்பாவில் இருந்த சோறு அப்படியே இருந்தது.

19 மார்ச், ஞாயிறு

அக்கா பெங்களூரில் மூன்று மாதம் கம்ப்யூட்டர் பயிற்சி எடுத்திருக்கிறாள். தட்டச்சு என்னைவிட வேகம். திரையில் இருப்பதை உரக்கப் படித்துச் சொல்லும் மென்பொருள் ஒன்றில் பழகியவள். அதை வைத்துச் செய்திப்பெட்டியை அவள் பயன்படுத்த முடிந்தால் செய்திகளை வாங்கிப் பதில் போடும் ஆபரேட்டர் மேஜை அவளுக்கே இருக்கும். நேற்றே விஜயகுமார் சாரிடம் கேட்டேன்.

"இருக்கறத வெச்சு முடிஞ்சா பாரும்மா. புதுசா ஏதாவது வாங்கணும்னா இந்தப் பேச்சே எடுக்காத. எம்.டி. எக்ஸ்சேஞ்ச எடுக்கறதே செலவக் குறைக்கத்தான்."

படித்துச் சொல்லும் மென்பொருளின் சோதனைப் பிரதியை இலவசமாக இறக்கலாம். நாற்பது நிமிடம் பேசும். பிறகு ஊமையாகிவிடும். கம்ப்யூட்டரை அணைத்து மறுபடி போட்டால் இன்னொரு நாற்பது நிமிடம்.

28 மார்ச்

இன்று வெட்கப்பட்ட நாள்.

படிக்கும் குரலை என் கம்ப்யூட்டரில் ஏற்றி, மானிட்டரை அணைத்துவிட்டு, நான் எழுதிய செய்திப்பெட்டியைத் திறந்தேன். விசையைத் தட்டத் தட்ட அந்த அமெரிக்க ஆண்குரல் சொன்னது: "பட்டன். பட்டன். பட்டன்." மொத்தம் இருபத்து மூன்று. ஒன்றுக்கும் பெயர் இல்லை. போன வருடம் உட்கார்ந்து உட்கார்ந்து வரைந்த பட்டன்கள். அனுப்புவதற்கு ஒரு புறா, அழிப்பதற்கு ஒரு குப்பைக்கூடை. எம்.டி.கூட அழகாக இருக்கிறது என்றார். படம் மட்டும்தான் வைத்தேன், பெயர் வைக்கவில்லை. பெயர் எதற்கு, புறாவைப் பார்த்தால் தெரியாதா என்று நினைத்திருப்பேன். இல்லை, அதைக்கூட நினைக்கவில்லை.

புதுச் செய்தி வந்தால் மூலையில் சிவப்பு மின்னும். சத்தம் கிடையாது. அரை மணி நேரம் முயன்றும் என்னால் ஒரு வரி அனுப்ப முடியவில்லை.

இத்தனை கதைப் புத்தகம் படித்து என்ன? அடுத்தவர் இடத்தில் நின்று பார்க்கத் தெரிந்தவள் என்று ரகசியமாக ஒரு கர்வம் இருந்தது.

6 ஏப்ரல்

பதினான்கு பட்டன்களுக்குப் பெயர் வைத்தாயிற்று. அக்கா தினம் மாலை ஒரு மணி நேரம் என் பக்கத்தில் உட்கார்ந்து சோதிக்கிறாள்.

"இதுல மேல ஏறி, கீழ எறங்கி, மறுபடி மேல ஏற வெக்கற. இது செய்திப்பெட்டியா இல்ல மலைக்கோயிலா?"

விசையைத் தட்டினால் அடுத்து எங்கே போக வேண்டும் என்ற வரிசையை முழுக்க மாற்றி எழுத வேண்டும்.

14 ஏப்ரல்

வருடப் பிறப்பு. கம்பெனி விடுமுறை. வீட்டில் பாயசம். மீதி ஒன்பது பட்டன்களும் முடிந்தன.

27 ஏப்ரல்

சூப்பர்வைசர்கள் தமிழை ஆங்கில எழுத்தில்தான் தட்டுகிறார்கள். அந்தக் குரல் அதைச் சூடான போண்டாவை வாயில் போட்டுக்கொண்டு பேசுவதுபோலப் படிக்கிறது. பிரஸ் ஷாப் மோகன்குமார் "கிரீஸ் தீர்ந்துடுச்சு" என்று அனுப்பியதைக் கேட்டு இரண்டு பேரும் கண்ணில் நீர் வரச் சிரித்தோம். மூன்றாம் முறை கேட்கும்போது அக்காவுக்குப் புரிந்துவிட்டது. எனக்கு இன்னும் புரியவில்லை.

பிறகு சொன்னாள்: "ஒன்னே ஒன்னுதான் வினிதா கொறை. எல்லாருக்கும் ஒரே குரலா போச்சு. சென்றாயனுக்குச் சளியான்னு இனி தெரியாது."

9 மே

புதுச் செய்தி வந்தால் மணி அடிக்கிறது. அவசரச் செய்திக்கு மூன்று முறை அடிக்கும். அனுப்பியவர் பெயரைத்தான் முதலில் படிக்கும். அக்கா ஒரு மணி நேரத்தில் நாற்பத்தெட்டு செய்திகளுக்குப் பதில் போட்டாள். அந்த ஒரு மணி நேரத்தில் ஒரு முறை குரல் நின்றது. கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டு, செய்திப்பெட்டி திறக்கும்வரை ஆறு நிமிடம். பழைய கம்ப்யூட்டர். அதற்குள் வரும் செய்திக்கு மணி அடிக்காது.

22 மே

எம்.டி. முன்னால் செய்து காட்டும் நாள்.

காலையிலேயே அக்காவிடம் சொன்னேன். "நாற்பது நிமிஷக் கதைய இன்னிக்கி சொல்ல வேணாம்க்கா."

"சொல்லிடலாமே. தெரியாமயா போயிடும்?"

"வாங்கணும்னு சொன்னா மொத்தத்தையும் வேணாம்னுடுவாங்க. மொதல்ல ஓகே வாங்கிடலாம். ஒரு மாசம் கழிச்சு நானே சொல்றேன்."

"உனக்குத்தான் அவங்களப் பத்தித் தெரியும். சரி."

அவர்கள் வருவதற்கு முன்பே கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டு வைத்தோம். எம்.டி., விஜயகுமார் சார், மனிதவளத்துறை சென்னகிருஷ்ணன் சார். அக்கா ஒன்றுவிடாமல் செய்து காட்டினாள். எம்.டி. தன் செல்போனை மேஜையில் வைத்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். "இன்னொண்ணு அனுப்பறேன், பாக்கலாம்" என்று அவரே தட்ட ஆரம்பித்தார். முப்பத்தேழாவது நிமிடம். முள்ளைத் தடவி நேரம் பார்க்கும் கைக்கடிகாரத்தின் மூடிக்குள் அக்காவின் விரல் போனதைக் கண்டேன்.

"சார், டீ ஆறிடும்" என்றேன்.

எல்லோரும் எழுந்தார்கள். எம்.டி. என் தோளைத் தட்டிவிட்டுப் போனார். ஆபரேட்டர் மேஜை தங்கமணிக்கே.

அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு நீண்ட நேரம் விடவில்லை. அறை காலியான பிறகு குரல் நின்றுபோனது.

1 ஜூன்

எக்ஸ்சேஞ்சைக் கழற்றி எடுத்துப் போய்விட்டார்கள். சுவரில் அது இருந்த இடம் மட்டும் வெள்ளையாக இருக்கிறது.

20 ஜூன்

ஒரு மாதம் ஆகப்போகிறது. சொல்ல வேண்டும். இன்று விஜயகுமார் சார் பெங்களூர் போய்விட்டார்.

8 ஜூலை

இன்றும் சொல்லவில்லை. எல்லாம் நன்றாக ஓடும்போது போய் எப்படிச் சொல்வது? அன்றே தெரியுமா என்று கேட்பாரே. அக்கா அணைத்துப் போடும் நேரங்களை ஷிஃப்ட்டுக்கு ஏற்ப அமைத்துக்கொண்டிருக்கிறாள். டீ இடைவேளை, சாப்பாட்டு நேரம், லைன் நிற்கும் நேரம். "பால் கறக்கற மாதிரி. நேரம் பாத்து உக்காரணும்" என்கிறாள்.

கேட்கவும் இல்லை அவள், எப்போது சொல்லப்போகிறாய் என்று.

3 ஆகஸ்ட்

நடந்ததை வரிசையாக எழுத முயல்கிறேன்.

பதினொன்று நாற்பதுக்குக் குரல் நின்றது. அக்கா கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டாள். பதினொன்று நாற்பத்திரண்டுக்குப் பிரஸ் ஷாப்பில் சின்னராஜ் என்கிற தொழிலாளியின் வலது கை தகடு அழுத்தும் பிரஸ் இயந்திரத்தில் சிக்கியது. மோகன்குமார் விதிப்படி செய்திப்பெட்டியில் அனுப்பினார், ஆம்புலன்ஸ் வேண்டும் என்று. அவசரச் செய்தி. மணி மூன்று முறை அடித்திருக்க வேண்டும். கம்ப்யூட்டர் அப்போது பாதி எழுந்த நிலையில் இருந்தது. பதினொன்று நாற்பத்தாறுக்குத் திறந்து, கேட்டு, அக்கா உடனே டிரைவரைக் கூப்பிட்டாள்.

நான்கு நிமிடம். அவ்வளவுதான். நாலு நிமிஷம்தானே. நாலு நிமிஷமா?

இரண்டு விரல் போய்விட்டது. இருபத்தாறு வயசு அவனுக்கு. வேப்பனப்பள்ளியிலிருந்து தினம் பஸ்ஸில் வருகிறவன். ஒருமுறை அவன் பாஸ்வேர்டை மாற்றிக் கொடுத்திருக்கிறேன், மனைவி பெயரை வைத்திருந்தான்.

4 ஆகஸ்ட்

விரல்கள் பிரஸ்ஸிலேயே நசுங்கிவிட்டன, நான்கு நிமிடம் முன்னால் வந்திருந்தாலும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று டாக்டர் சொன்னாராம். கேன்டீனில் யாரும் அதைப் பேசவில்லை. நான்கு நிமிடத்தைத்தான் பேசுகிறார்கள். "குருடிய வெச்சு வேலை வாங்கினா இப்பிடித்தான்" என்றது ஒரு குரல். யார் என்று திரும்பிப் பார்க்கவில்லை. அக்கா இருந்திருந்தால் பார்க்காமலே சொல்லியிருப்பாள்.

7 ஆகஸ்ட்

விசாரணை. சென்னகிருஷ்ணன் சாரின் அறை. மேஜைமேல் செய்திப்பெட்டியின் பதிவுத்தாள். நான் அச்செடுத்துக் கொடுத்ததுதான். வந்தது 11.42. திறந்தது 11.46.

"நாலு நிமிஷம் என்ன பண்ணிட்டு இருந்தீங்க?"

அக்கா நேராக உட்கார்ந்திருந்தாள். "கவனிக்கல சார்."

"மணி அடிக்கலையா?"

"அடிச்சிருக்கும் சார். என் கவனம் வேற எங்கியோ இருந்துச்சு. தப்பு என்னுதுதான்."

சார் என் பக்கம் திரும்பினார். "சிஸ்டத்துல ஏதாவது கோளாறு உண்டா வினிதா?"

எல்லோரும் என்னையே பார்த்தார்கள். அக்காவின் முகமும் என் பக்கம் லேசாகத் திரும்பியது.

"இல்ல சார்" என்றேன்.

8 ஆகஸ்ட்

ஏன் அப்படிச் சொன்னேன்? பயம்தான். வேறு பெரிய பெயர் எதுவும் அதற்கு வேண்டாம்.

மதியம் அக்காவிடம் கேட்டேன், நீ ஏன்க்கா அப்பிடிச் சொன்ன என்று. டப்பாவை மூடிவிட்டுச் சொன்னாள்.

"கவனிக்கலன்னா அது தங்கமணியோட தப்பு. ஒருத்தி தப்பு. மெஷின் நடுவுல நின்னுபோவும்னு சொன்னா, கண்ணு தெரியாதவங்களுக்கு இந்த வேலை ஆவாதுன்னு எழுதிடுவாங்க. இனி ஒருத்தரையும் எடுக்க மாட்டாங்க. எனக்கு அப்புறமும் யாராவது வரணும் இல்ல?"

டப்பாவைப் பைக்குள் வைத்துவிட்டு, "நீ சொல்லுவன்னு நெனச்சேன்" என்றாள். கோபமே இல்லாத குரலில். இல்லாமல் இருக்குமா? எனக்குக் குரலில் இருந்து கண்டுபிடிக்கத் தெரியாது.

10 ஆகஸ்ட்

அப்பா சிப்காட்டில் வேறு கம்பெனியில் ஷிஃப்ட் முடித்து வந்து, என்னைப் பார்த்தவுடன், "என்னட்டி, மூஞ்சி ஒரு மாதிரியா கெடக்கு?" என்றார். ஊரை விட்டு வந்து இத்தனை வருடமாகியும் கோவில்பட்டிப் பேச்சு மாறவில்லை. ஒன்றுமில்லை என்றேன். இந்த நோட்டுக்கு மட்டும் எல்லாம் சொல்கிறேன். இது யாரிடம் போய்ச் சொல்லப்போகிறது?

11 ஆகஸ்ட்

விஜயகுமார் சாரிடம் சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும். நாற்பது நிமிடம், டீ ஆறிடும் என்றது, அறையில் பொய் சொன்னது.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"அன்னிக்கே சொல்லியிருக்கக் கூடாதா? எம்.டி. அன்னிக்கி இருந்த இருப்புக்கு, அங்கயே கையெழுத்துப் போட்டிருப்பாரு."

"நீங்கதான் சார், வாங்கற பேச்சே எடுக்காதன்னு..."

"அது பாக்கறதுக்கு முன்னாடி சொன்னதும்மா. நானும்தான் அன்னிக்கி அசந்துட்டேன். பாத்த பிறகு கேட்டிருந்தா நானே போய் நின்னிருப்பேன்."

பிறகு, அக்காவை வேலையிலிருந்து நிறுத்தும் ஆர்டரில் இன்று காலையே கையெழுத்தாகிவிட்டது என்றார். யூனியன் பிரஸ் ஷாப் வாசலில் நிற்கிறது, ஒரு பெயர் கேட்கிறது, இனி மாற்ற மாட்டார்கள். "நீ இப்ப போய் சொன்னா ரெண்டு பேரா ஆகும். அவ்வளவுதான் வித்தியாசம்."

நான் சென்னகிருஷ்ணன் சார் அறைக் கதவுவரை போனேன். உள்ளே யாரோ பேசிக்கொண்டிருந்தார்கள். திரும்பிவிட்டேன்.

பேசி முடிக்கும்வரை நின்றிருக்கலாம்.

21 ஆகஸ்ட்

ஆர்டர் இன்று வருகிறது என்று தெரியும். காகிதத்தில் வரும், அதை அவளுக்கு யாராவது படித்துக் காட்ட வேண்டும், அந்த யாரோ நானாக இருக்க வேண்டும் என்று ஒன்பது இருபதுக்கே ஓடினேன். வழியெல்லாம் சொற்களைத் தேடினேன். எந்தச் சொல்லில் ஆரம்பிப்பது?

ஜூனிலிருந்து கம்பெனியில் எல்லாம் செய்திப்பெட்டி வழியாகத்தான் என்பதை மறந்துபோனேன். நானே எழுதிய மென்பொருள்.

அக்கா மேஜையை ஒழுங்கு செய்துகொண்டிருந்தாள்.

"வந்துடுச்சு வினிதா. ஒம்பது மணிக்கே. ரெண்டு தரம் கேட்டேன்."

நான் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"பத்தாவது ரிசல்ட்டு பக்கத்து வூட்டு வாத்தியார் படிச்சாரு. எனக்குப் பொண்ணு பாக்க வந்தவங்க வேணாம்னு எழுதின லெட்டர எங்க அப்பா படிச்சாரு, படிக்கறதுக்கு முன்னாடியே அழுதுட்டாரு. இந்த வேலைக்கு ஆர்டர் வந்தப்ப தபால்காரர். எனக்கு வந்த ஒரு லெட்டரையும் நான் மொதல்ல படிச்சதே இல்ல. எல்லாருக்கும் தெரிஞ்ச பொறவுதான் எனக்குத் தெரியும்." கைக்கடிகார மூடியைத் திறந்து மூடினாள். "இத நான்தான் மொதல்ல படிச்சேன். யாரும் இல்லாம. கொஞ்ச நேரம் அப்பிடியே உக்காந்திருந்தேன். நீ பண்ணிக் குடுத்தது நல்லாதான் வேலை செய்யுது."

31 ஆகஸ்ட்

சுஜாதாவின் கணவர் வந்து அழைத்துப் போனார். மரியாதையான மனிதர், பையை அவளிடமிருந்து வாங்கிக்கொண்டார், கையையும். அக்காவுக்குக் கேட் வரைக்கும் வழி தெரியும். பதினோரு வருடம் தனியாக நடந்த வழி.

சோதனைப் பிரதியை ஒரு சிடியில் போட்டுக் கொடுத்தேன். வேறு எதுவும் சொல்ல வரவில்லை.

2 அக்டோபர்

ஒன்றும் எழுதத் தோன்றவில்லை.

12 பிப்ரவரி 2007

செய்திப்பெட்டியை எடுத்துவிட்டார்கள். பெங்களூர் கம்பெனி ஒன்றிடம் புதியது வாங்கியிருக்கிறார்கள். கண்ணாடிபோல மின்னும் பட்டன்கள். மானிட்டரை அணைத்துவிட்டுத் தட்டிப் பார்த்தேன். பட்டன். பட்டன். பட்டன்.

பெயர் வைத்துத் தரச் சொல்லி அவர்களுக்கு எழுதலாமா என்று விஜயகுமார் சாரிடம் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. "யாரும்மா இருக்காங்க, அதக் கேக்கறதுக்கு?" என்றார்.

எனக்கு அப்புறமும் யாராவது வரணும் இல்ல, என்றாளே.

மெயில் எழுதினேன். இருபத்து மூன்று வரி. பதில் இல்லை.

19 நவம்பர் 2007

தங்கமணி அக்காவிடமிருந்து மெயில். தலைப்பு இல்லை. ஆங்கில எழுத்தில் தமிழ். மானிட்டரை அணைத்துவிட்டு, அந்தப் போண்டாக் குரலில் கேட்டேன். நான்காம் முறைதான் முழுக்கப் புரிந்தது. அவள் சொற்களிலேயே, தமிழ் எழுத்தில் இங்கே எழுதி வைக்கிறேன்:

"வினிதா நான் தங்கமணி. ஊத்தங்கரை பிரவுசிங் சென்டர்ல இருக்கறேன். மச்சான் கொண்டாந்து வுட்டுட்டு உரம் வாங்கப் போயிருக்காரு. ஒரு வருசமா கேட்டு இன்னிக்கித்தான் வந்தேன். கடைக்காரரு நீ குடுத்த சிடிய போட்டுக் குடுத்தாரு. வூட்ல எல்லாரும் நல்லா பாத்துக்கறாங்க. இந்த மெயில்ல ஒரு பட்டனுக்கும் பேர் இல்ல. எண்ணிகிட்டே போறேன். அனுப்பறது பதினேழாவது. சின்னராஜ் எப்பிடி இருக்கறான்னு எழுது. மச்சான் மாசம் ஒருக்கா கூட்டியாரேன்னு சொல்லியிருக்காரு. முப்பத்தெட்டு நிமிசம் ஆச்சு. நிறுத்தறேன்."

ஆபீசில் எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். உட்கார்ந்து பதில் எழுதினேன். மூன்று பக்கம் வந்தது. அந்த விசாரணை அறை, கதவுவரை போய்த் திரும்பியது, அதன் பிறகு வந்த ஒவ்வொரு நாளும். எழுதி முடித்து, அந்தக் குரலைப் படிக்க விட்டுக் கடிகாரத்தைப் பார்த்தேன். பத்தொன்பது நிமிடம். மூன்று முறை கேட்காமல் அவளுக்கு அது புரியாது, நாற்பது நிமிடம் போதாது.

அழித்தேன். மீண்டும் எழுதினேன்.

சின்னராஜ் ஸ்டோரில் சென்றாயனோடு இருக்கிறான், இடது கையால் எழுதப் பழகிவிட்டான். சென்றாயனுக்குச் சளி. அன்று கோளாறு இல்லை என்று நான் சொன்னது பொய், அதை இன்று காலை சென்னகிருஷ்ணன் சாருக்கு எழுத்தில் கொடுத்துவிட்டேன், தாமதமாக. அடுத்த முறை வரும்போது பதினேழு வரை எண்ண வேண்டாம், இரண்டு விசையைச் சேர்த்துத் தட்டினால் போய்விடும், எந்த இரண்டு என்று கீழே எழுதியிருக்கிறேன்.

காலையில் கொடுக்கவில்லை. அந்த வரியை எழுதிய பிறகுதான் ஒரு தாளில் எழுதி எடுத்துப் போய்க் கொடுத்தேன். அவர் வாங்கிப் படித்தார், கோப்புக்குள் வைத்தார், சரி போ என்றார். திரும்பி வந்து "காலை" என்பதை "மதியம்" என்று திருத்தினேன். பிறகுதான் அனுப்பினேன்.

படிக்க ஒன்றரை நிமிடம். மூன்று முறை கேட்டாலும் ஐந்தைத் தாண்டாது. மீதி முப்பத்தைந்தும் அவளுக்கு.